பாம்பாற்றுப் பனி

மழைக்காலம் முடிந்ததும் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் வீட்டுச் சாமான்களையெல்லாம் துடைப்பது மலைமேல் இருக்கும் எங்கள் வட்டக்கானலில் வழக்கம். இல்லாவிட்டால் அலமாரி, போட்டோ எல்லாவற்றிலும் பூஞ்சை ஏறிவிடும். அந்தப் பழக்கத்தில்தான் என் கணவர் கடைசியாக வரைந்த படத்தையும் போன வருடம் துடைத்துவிட்டேன்.

அவர் சீசனில் டூரிஸ்டுகளுக்குக் கார் ஓட்டுவார். மற்ற நாட்களில் ஆயில் பெயின்டும் பிரஷ்ஷுமாக அலைவார். அந்தப் படம், பொழுது சாயும் நேரத்துப் பாம்பாறு. அதில் எது தண்ணீர், எது கரை என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

"துணி அலசுன தண்ணி மாதிரி இருக்குங்க" என்பேன்.

"தள்ளி நின்னு பாரு" என்பார். தள்ளி நின்றாலும் அப்படித்தான் இருந்தது.

அதை வரையக் கிளம்பிய சாயங்காலம் என்னையும் கூப்பிட்டார். "எனக்குச் சோலி கெடக்கு, நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அப்படி என்ன சோலி என்று இப்போது யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. நாலே மாதத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

படத்தின் ஓரம் வெள்ளையாக மங்கியிருந்தது. பூஞ்சை என்று அழுத்தித் தேய்த்தேன். துணியில் பெயின்ட் ஒட்டிய பிறகுதான் அது அவர் தீட்டிய பனி என்று உறைத்தது. பனி போன இடத்தில், கரையோரம், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் மஞ்சள் ஸ்வெட்டர். குளிருக்கு நான் தலையில் சுற்றும் பச்சைத் துண்டுகூட இருந்தது.

மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நீதாம்மா அது."

"நான் அன்னைக்குப் போகவே இல்லையேடி."

"பெறகு எதுக்கு வரைஞ்சாரு? வரைஞ்சுட்டு எதுக்கு மறைச்சாரு?"

எனக்கு எப்படித் தெரியும்? வராதவளை உட்கார வைத்துப் பார்த்துக்கொண்டாரா, வராதவள் இங்கே எதற்கு என்று கோபத்தில் அழித்தாரா? படத்துக்கு அந்த இடத்தில் பனி தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்றும் இருக்கலாம். அவர் மேல் எரிச்சலாக வந்தது. மனுசன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

மிச்சமிருக்கும் வெள்ளை பெயின்டைப் பூசிவிடவா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இந்த வருட மழையும் முடிந்துவிட்டது. மஞ்சள் ஸ்வெட்டரின் மேல் லேசாக வெள்ளை படர்ந்திருக்கிறது. இது பூஞ்சைதான். வீடு முழுக்கத் துடைத்துவிட்டு, இந்தப் படத்தின் முன்னால் மட்டும் துணியோடு நிற்கிறேன். துடைத்தால் அவளும் சேர்ந்து போய்விடுவாள், விட்டால் பூஞ்சை மூடிவிடும். அன்றைக்குப் பேசாமல் அவரோடு போயிருக்கலாம்.