ரோடு போட்டாச்சு

சிங்கப்பூரில் எனக்கு ரோடு பராமரிக்கும் வேலை. புது ரோடு போடுகிற கூட்டம் வேறு. போட்ட ரோடு கெடாமல் இருப்பதற்கான சில்லறை வேலைகளைச் செய்கிறவர்கள் நாங்கள். ஓரக் கால்வாயில் சேர்ந்த மண்ணை அள்ளுவோம், இலையை வாருவோம், விரிசலில் தார் ஊற்றுவோம். கால்வாய் பளிச்சென்று இருந்தாலும் அதன் முறை வந்துவிட்டால் மூடியைத் தூக்கியே ஆக வேண்டும். இந்த வேலைக்கா கடல் தாண்டி வந்தோம் என்று முதல் வருஷம் எனக்கே சிரிப்பாக இருந்தது.

போன ஐப்பசியில் லீவு முடிந்து கிளம்ப வேண்டிய வாரம் பார்த்துக் கொடைக்கானல் மலையில் எங்கள் ஊரான கூக்காலில் மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை இரவு மதுரையில் விமானம். ஏற்கெனவே ஒரு தடவை லீவை நீட்டியிருந்தேன். திங்கட்கிழமை வந்து நிற்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சூப்பர்வைசர் போனில் கறாராகச் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை காலை பஸ் வரவில்லை. எங்கள் ஊரில் பஸ் வராவிட்டால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை, எந்த இடத்தில் என்றுதான் கேட்பார்கள். பூம்பாறைக்குப் போகும் வழியில், ஊரை ஒட்டிய வளைவில், ரோட்டில் பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது. மீதிப் பாதியின் மேல் மலைச்சரிவு வந்து உட்கார்ந்திருந்தது.

கரண்டு போனது. டவரும் போனது. பறித்த கேரட்டெல்லாம் மூட்டை மூட்டையாக ரோட்டோரத்தில் நனைந்துகொண்டிருந்தது. கட்டி வைத்த பெட்டி வீட்டுக்குள் கதவை ஒட்டி நின்றது. போகும்போதும் வரும்போதும் காலில் இடித்தது. வீட்டிலிருந்து வளைவுக்கும், வளைவிலிருந்து வீட்டுக்கும் நடந்தேன். சுற்றி நிற்கிற மலையையும் மேலே இறங்கியிருக்கிற மேகத்தையும் படம் எடுக்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எனக்கு மூச்சு முட்டியது. பெட்டிக்குள் என்னையே போட்டுப் பூட்டிய மாதிரி இருந்தது.

டீக்கடையில் வாயை அடக்க முடியவில்லை. "அங்கெல்லாம் இப்படி இல்ல மாமா" என்று ஆரம்பித்தேன்.

"வந்துட்டாருப்பா சிங்கப்பூரு" என்றார் மாமா. என் மனைவியின் தாய்மாமா, கேரட் மூட்டைக்காரர்களில் அவரும் ஒருவர். "அங்க மழை கம்மியா இருக்கும் மாப்ளே."

"இதவிட ஊத்தும்."

"அப்பத் தாரு நல்ல தாரா இருக்கும்."

தாரில் பெரிய வித்தியாசம் இல்லை. பணம் உண்டு, மண் கெட்டி, லாரியில் அளவுக்கு மேல் ஏற்ற முடியாது, எல்லாம் சரிதான். ஆனால் ரோட்டுக்கு எமன் தண்ணீர். அது ரோட்டின் மேல் நிற்காமல், ரோட்டின் அடியில் இறங்காமல், தன் வழியில் போய்விட்டால் ரோடு பிழைத்துக்கொள்ளும். போகிறதா என்று கவனிக்க அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இங்கே "ரோடு போட்டாச்சு" என்போம். அந்த "ஆச்சு"வோடு கதை முடிந்தது. போடுகிற அன்றைக்குத் தேங்காய் உடைத்து, மாலை போட்டு, படம் எடுப்பார்கள். கால்வாயில் மண் அள்ளுகிறவனுக்கு யார் மாலை போடுவது? இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் கடையில் பாதிப்பேர் எழுந்து போயிருந்தார்கள்.

சனிக்கிழமை காலை கொடைக்கானலிலிருந்து ஜேசிபி வந்துவிட்டது. அதன் பின்னால் எனக்காக முன்பே வரச்சொல்லியிருந்த ஜீப்பும் வந்து அந்தப் பக்கம் நின்றது. மனைவி பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு என்னோடு வளைவு வரை வந்தாள். ஆள் நடக்கிற அளவுக்கு வழி எடுக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும் என்றார் ஜேசிபி ஓட்டுநர். தண்ணீர் மட்டும் நிற்காமல் ரோட்டின் மேலேயே ஓடிவந்து வளைவில் விழுந்துகொண்டிருந்தது.

"அண்ணே, மேல குழாய் அடச்சுக் கெடக்கு. அதத் தொறக்காம மண்ண மட்டும் அள்ளி என்ன பிரயோசனம்?" என்று கத்தினேன்.

"மண்ண அள்ளச் சொல்லித்தாங்க அனுப்புனாக" என்றார் அவர்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. யாரோ வைத்திருந்த மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு நாலெட்டு மேலே ஏறினேன். ரோட்டுக்கு அடியில் புதைத்திருந்த சிமெண்டுக் குழாயின் வாயில் சேறு மூடியிருந்தது. நாலு வெட்டில் மண்வெட்டி சதக்கென்று எதிலோ இறங்கியது. இழுத்தால் உரச்சாக்கு. மண் நிரப்பி, வாயைக் கயிற்றால் தைத்து, இறுக்கித் திணித்திருந்தது.

"எவன்யா இந்தச் சோலி பாத்தது? ரோட்டுக் குழாய அடைக்கிறவன் மனுசனா?"

நின்ற ஆட்கள் எல்லோரும் மலையைப் பார்த்தார்கள். "சாக்குதான மாப்ளே, விடுங்க" என்றார் மாமா.

"நாந்தாங்க அடச்சேன்" என்றாள் என் மனைவி. பெட்டி இன்னும் அவள் தலையில் இருந்தது.

குழாயின் மறுவாய் எங்கள் பூண்டுத் தோட்டத்தின் தலைமாட்டில் திறக்கிறது. புதைத்தவர்கள் தண்ணீரை அங்கே கொண்டுவந்து விட்டதோடு சரி. அதற்கப்புறம் அது எங்கே போகும் என்று யாரும் யோசிக்கவில்லை. வேண்டாத தண்ணீர் வந்தால் மடையை அடைத்துத் திருப்பிவிடுவது எங்களுக்கெல்லாம் கையோடு வந்த பழக்கம். அவள் கண்ணுக்கு அது ரோட்டுக் குழாய் இல்லை, மடை.

"ரெண்டு மழையில ஊனுன பூண்டெல்லாம் அடிச்சிட்டுப் போயிருச்சு. அப்பவே ஒங்களுக்குப் போன் போட்டுச் சொன்னேன். என்ன சொன்னீங்க?"

எனக்கு ஞாபகம் இல்லை.

"பாத்துக்கன்னீங்க. பாத்துக்கிட்டேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. சாக்கின் ஒரு மூலை என் கையில் இருந்தது, மீதி குழாய்க்குள் இருந்தது. "இப்ப எடுக்கவா?" என்று கேட்டேன்.

"எடுங்க. எடுத்தா தோட்டம் போகும், விட்டா ரோடு போகும். எது வேணும்னு நீங்களே சொல்லிட்டுப் போங்க."

கீழேயிருந்து ஜேசிபி ஹாரன் அடித்தது. "வழி எடுத்தாச்சு, வாரதா இருந்தா வெரசா வாங்கண்ணே, மேல மறுபடி பெயருது!"

சாக்கை விட்டுவிட்டேன். அவள் முன்னால் நடந்தாள். புதைகிற சேற்றில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெட்டியில் ஒரு துளி சேறு படாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய் ஜீப்பில் வைத்தாள். என்னை ஏறச் சொன்னாள். நான் ஏறி உட்கார்வதற்குள் வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டாள். வழி மறுபடி மூடுமுன் அவள் ஊர்ப்பக்கம் போய்ச் சேர வேண்டும்.

கிளம்பும்போது எப்போதும் சொல்கிற அந்தப் "பாத்துக்க" நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியவில்லை. வேறு வார்த்தை எனக்குத் தெரியவும் இல்லை.