ஸ்பெயினா, திருப்பதியா

எங்கள் வீட்டில் ஒரு வருடம் முழுக்க ஒரே வழக்குதான் நடந்தது. மிச்ச வாழ்நாளை ஸ்பெயினில் கழிப்பதா, திருப்பதியில் கழிப்பதா? திருப்பதிக்காக நான் வாதாடினேன், ஸ்பெயினுக்காக என் கணவர். நீதிபதி யாரும் கிடைக்காததால், அவர் கணினியில் ஓர் அட்டவணையைப் போட்டு அதை அந்த இடத்தில் உட்கார வைத்தார்.

நான் ஆந்திர எல்லையில், தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் நகரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்து போய் முப்பது வருடம் அங்கேயே இருந்துவிட்டேன். கணவர் அசல் வெள்ளைக்காரர், டவுன் பஸ் ஓட்டியவர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகு, அந்த ஊர்க் குளிருக்கும் ஹீட்டர் பில்லுக்கும் பென்ஷன் ஈடுகொடுக்காது என்று தெரிந்துபோயிற்று. அவரோடு பஸ் ஓட்டிய நண்பர் ஒருவர் ஸ்பெயினில் கடலோரமாக வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தத் தெரு முழுக்க இங்கிலாந்துக்காரர்கள்தானாம். என் கணவருக்கும் அதே தெருவில் ஒரு வீடு வேண்டும் என்று ஆசை.

எனக்குக் கடலும் வேண்டாம், அந்தத் தெருவும் வேண்டாம். வாசல் மணியை அடித்துவிட்டு, கதவு திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிடுகிற மனிதர்கள் வேண்டும். இங்கிலாந்தில் என் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் முந்தின வாரமே போன் செய்து, வருகிற நேரத்தோடு கிளம்புகிற நேரத்தையும் சொல்லிவிட்டு வந்தவர்கள். நல்லவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எனக்கு அலுத்துப்போய்விட்டது.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். திருப்பதியில் ஒரு பிளாட்டை ஒரு வருடத்துக்கு வாடகைக்கு எடுத்து வாழ்ந்து பார்ப்பது. எங்கள் செலவையும் ஸ்பெயின் நண்பரின் செலவையும் ஒப்பிடுவது. எங்கே குறைவோ அங்கே வீடு வாங்குவது. நான் இந்தியாவில் பிறந்தவள் என்பதற்கான அட்டை இருந்ததால் என் பெயரில் வாங்கத் தடை ஏதுமில்லை. பிளாட்டின் சொந்தக்காரரும் விற்கத் தயாராகவே இருந்தார். ஜெயிக்கப்போவது நான்தான் என்று தெம்பாகத் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு நண்பர்களும் வீடியோவில் உட்கார்ந்து விலை பேசுவார்கள். அங்கே தக்காளி என்ன விலை, இங்கே என்ன விலை, பல் பிடுங்க எவ்வளவு, மூக்குக் கண்ணாடி எவ்வளவு. பார்க்கிறவர்கள் இவர்கள் கடை போடப் போகிறார்கள் என்று நினைப்பார்கள். ஒருநாள் என் கணவர் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்து, முடிவெட்டும் செலவுக்கு நேராகப் பூஜ்யம் என்று போட்டார். நண்பர் அது ஆட்டத்தில் சேராது என்றார். இவர் பளபளக்கும் தலையை கேமராவுக்கு நேரே காட்டி, ரசீது கூட இல்லை என்றார். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

ஆனால் அவர் நினைத்துப் பார்க்காத ஒன்று இருந்தது. திருப்பதியில் வீடு எடுத்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் சத்தியவேட்டிலிருந்தும் தரிசனத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் எங்கள் பிளாட்டுக்குத்தான் வந்தார்கள். போகும்போது குளியல், வரும்போது சாப்பாடு, நடுவில் ஒரு தூக்கம். கால் வலிக்கிறவர்கள் கூடுதலாக ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போனார்கள். என் கணவர் பஸ் ஸ்டாண்டுக்கே போய்ப் பைகளைத் தூக்கி வருவார். ஊரிலேயே அவர் ஒருவர்தான் அந்த நிறம் என்பதால் யாரும் தேட வேண்டியதில்லை. ஆனால் வேலையில் ஒழுங்கானவர் அல்லவா, அட்டவணையில் ‘விருந்தாளிகள்’ என்று புதிதாக ஒரு வரிசையைச் சேர்த்தார். கேஸ், பால், ஆட்டோ எல்லாம் சேர்ந்து மாதாமாதம் அந்த வரிசைதான் கொழுத்தது. வருடம் முடியப்போகும் சமயத்தில் ஸ்பெயின் நூலிழையில் முந்திக்கொண்டிருந்தது. 

அப்போதுதான் என் அண்ணன் வந்தார். ஊரில் வேர்க்கடலையும் கரும்பும் போடுகிறவர். அண்ணியும் கூட வந்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டே அண்ணன் கேட்டார்.

“இன்னா மாப்ளே, அங்க இன்னா ஆவுது, இங்க இன்னா ஆவுது? கணக்கு போட்டுக்கினே கீறியாமே. சொல்லு, கேப்போம்.”

என் கணவர் முகம் மலர்ந்துவிட்டது. கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து, என்னிடமும் காய்கறிச் சந்தையிலும் கற்ற தமிழும் தெலுங்குமாக ஒவ்வொரு வரிசையாகப் படித்தார். வாடகை, கரண்ட், மருந்து. அண்ணன் ரசித்துக் கேட்டார். நான் அடுக்களையிலிருந்து ஓடி வருவதற்குள் அவர் அந்த வரிசைக்கு வந்துவிட்டார். “விருந்தாளி, அண்ணா. இதி சால எக்குவ. ரொம்ப ஜாஸ்தி!” என்று தெலுங்கில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொல்லித் தொகையையும் படித்தார்.

அண்ணன் சிரித்தார். இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். கை கழுவினார். ராத்திரி தங்குவதாக இருந்தவர்கள் சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. ஒருநாள் பூக்கடையில் அண்ணியை நேருக்கு நேர் பார்த்தேன். கூட வந்திருந்த பேரக்குழந்தைகளுக்கு மொட்டை போட்டு சந்தனம் பூசியிருந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே லாட்ஜில் தங்கியிருக்கிறார்களாம்.

“உங்களுக்கு எதுக்கு சிரமம்னுதான் வரலம்மா” என்றார், சிரித்த முகமாகவே. அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன்.

வந்ததும் கணவரைச் சண்டைக்கு இழுத்தேன். அவர் நிஜமாகவே திகைத்து நின்றார். “உங்கள் ஆட்கள் வாடகை எவ்வளவு, சம்பளம் எவ்வளவு, என் சட்டை எவ்வளவு என்று எல்லாமே கேட்கிறார்கள். எங்கள் ஊரில் இதெல்லாம் யாரும் வாய் திறந்து கேட்கமாட்டார்கள். இங்கே பணத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் பேசலாம் என்று நினைத்தேன்” என்றார். அவர் மேல் தப்பில்லை. எல்லாவற்றின் விலையையும் கேட்கிற எங்கள் ஜனங்களின் காதில், அவர்கள் சாப்பிட்ட சோற்றின் விலை மட்டும் விழக்கூடாது என்பதை நான்தான் சொல்லித்தந்திருக்க வேண்டும். சொல்லித்தர வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

யாரும் வராததால் விருந்தாளி வரிசை மெலிந்தது. வருடக் கடைசியில் அட்டவணை தீர்ப்புச் சொன்னது: திருப்பதி. அவர் பெரிய மனசோடு கை நீட்டினார், வாழ்த்துச் சொல்ல.

“வேண்டாம், ஸ்பெயினுக்கே போகலாம்” என்றேன். “யாரும் வராத வீட்டை எந்த ஊரில் வாங்கினால் என்ன? அங்கே கடலாவது இருக்கிறது.”

அவர் கணினியை மூடி வைத்தார். மறுநாள் ஒரு பையில் இரண்டு வேட்டியும் பல் பிரஷும் வைத்துக்கொண்டு, வெளியே போய் வருகிறேன் என்றார். மத்தியானம் அண்ணனிடமிருந்து போன் வந்தது.

“உன் வூட்டுக்காரரு இங்க வந்துகிறாரு. பை வேற எடுத்தாந்துகிறாரு. இன்னாத்துக்கு?”

“எனக்குத் தெரியலண்ணா. அவரயே கேளு.”

“கேட்டேன். தங்க வந்தேன்றாரு.”

அவ்வளவுதான், தங்கிவிட்டார். எத்தனை நாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. வீடு தேடி வந்த மாப்பிள்ளையைப் போ என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வருமா? களியைப் பிசைந்து சாப்பிட்டாராம். கோழிக்குழம்பை இன்னும் ஊற்றச் சொன்னாராம். மத்தியானம் கயிற்றுக்கட்டிலில் குறட்டை விட்டாராம். அண்ணி போனில் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, அந்த மனிதரை இப்போதே பார்க்க வேண்டும் போலவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அவரைக் கொண்டுவந்து விட அண்ணனே கூட வந்தார். என்னிடம் தனியாகச் சொன்னார்.

“எப்பவும் தண்ணி குட்த்தாகூட தேங்க்ஸ் தேங்க்ஸ்ம்பாரு. இந்த வாட்டி வாயத் தொறக்கல. துன்னாரு, எழுந்தாரு, போயிக்கினே இருந்தாரு. அப்பதான் நம்ம ஆளுன்னு தோணிச்சி எனக்கு.”

அப்போது என் கணவர் உள்ளேயிருந்து பிளாட்டின் இன்னொரு சாவியை எடுத்துவந்து அண்ணனிடம் நீட்டினார். இதை நீங்கள் வைத்துக்கொண்டால்தான் இந்த வீட்டை வாங்குவோம் என்றார். அண்ணனுக்குப் புரியவில்லை. ஊரில் அவர் வீட்டுக் கதவைப் பகலில் யாரும் சாத்துவதே இல்லை. நீங்கள் இருக்கும்போது எனக்கு எதற்குச் சாவி என்றார். நான்தான் விளக்கினேன். எங்கள் இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர் வீட்டுச் சாவியை ஒரே ஓர் ஆளிடம்தான் கொடுத்துவைத்திருந்தார், அது அவருடைய அம்மா. அண்ணன் சாவியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

வீட்டை வாங்கிவிட்டோம். ஸ்பெயின் நண்பருக்கு வருத்தம்தான், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைத் தக்காளி விலை நிற்கவில்லை. பத்திரம் பதிந்து ஒரு மாதம் ஆகியும் அண்ணன் பக்கத்திலிருந்து யாரும் வரவில்லை. சாவியை மரியாதைக்காக வாங்கிக்கொண்டிருப்பார் என்று எனக்குள் ஒரு பயம் இருந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் காலை கணவர் நடக்கப் போயிருந்தார். நான் அடுக்களையில் இருந்தேன். கூடத்தில் யாரோ பிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்டது. திருடன்தான் என்று கரண்டியோடு ஓடினேன். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. பிரிட்ஜுக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

“மோர் கூட இல்ல. இன்னா வூடு வெச்சிக்கினு கீற நீ?” என்றார் திரும்பாமலே.

“எத்தன பேருண்ணா வந்திருக்கீங்க?” என்றேன். 

“அதயெல்லாம் எண்ணிக்கினு இருக்காத. அரிசியப் போடு. கீழேர்ந்து இன்னும் ஏறிக்கினே கீறாங்க.”