துபாய் சென்ட்டும் கேன்டீன் டீயும்

என் மனைவியின் தம்பி துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தான். எனக்கென்று ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வந்திருந்தான். நானாக எடுத்துப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். அதனால் காலையில் நான் செருப்பு மாட்டும்போது வாசலில் வந்து நிற்பான்.

"அத்தான், கையத் தூக்குங்க."

தூக்குவேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. காக்கிச் சட்டை முழுக்க அடித்துவிடுவான்.

அடித்தவுடன் மல்லிகையும் சம்பங்கியும் சேர்ந்து மூக்கை அடைக்கும். ராமச்சந்திராபுரம் போகும் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பேசாமல் ஜன்னலைத் திறந்துவிடுவார். தொழிற்சாலை வருவதற்குள் பூ வாடிவிடும். ஒழிந்தது என்று நினைத்தால் அடியிலிருந்து வெனிலா கிளம்பும். ஐஸ்கிரீம் கொட்டிக் காய்ந்த சட்டை மாதிரி ஓர் இனிப்பு. நானோ கேன்டீனில் டீ போடுகிறவன். அடுப்புச் சூட்டில் அது இன்னும் எழும். வேர்த்தால் போய்விடும் என்று பார்த்தேன். வேர்வையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது.

"அண்ணே, டீ கேட்டா பாயசம் தர்றீங்களே" என்றார் ஒரு ஃபிட்டர்.

"அண்ணனுக்கு நேத்து ரிசப்ஷன்பா" என்றார் பின்னால் நின்றவர்.

நான் தலையைக் குனிந்துகொண்டு ஊற்றினேன். தம்ளர்கள் பாதி டீயோடு திரும்பி வர ஆரம்பித்தன. கேன்டீன் சூப்பர்வைசரிடம் புகார் போனது. அவர் செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்த தமிழர்; பேச்சில் அந்த ஊர் உருது கலந்துவிடும். என் தோளருகே வந்து மோந்து பார்த்தார்.

"கைக்கு, எதுக்கு உனக்கு இதெல்லாம்? இந்த வாசனையோட டீ நக்கோ, வேணாம். வாசனை போற வரைக்கும் பாத்திரம் கழுவு."

நாலாம் வகுப்போடு நின்ற எனக்கு அந்த அடுப்புதான் உத்தியோகம். பாத்திரத் தொட்டிக்குப் போனவர்கள் அடுப்புக்குத் திரும்பி நான் பார்த்ததில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "உன் தம்பிகிட்ட நீ சொல்லேன்."

"ஆசையா வாங்கிட்டு வந்தவன்கிட்ட நான் எப்படிச் சொல்ல? கையத் தூக்கிக் காட்டுறது நீங்க."

மறுநாள் காலையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "வேண்டாம் மாப்ளே. டீயெல்லாம் மணக்குதாம். வேலை போயிரும்."

அவன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "முதல்லயே சொல்லக்கூடாதா அத்தான்? எலுமிச்ச வாசனையிலயும் இருந்துச்சே."



சட்டையை வெந்நீரில் சலவைச் சோடா போட்டு ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயப்போட்டோம். பூ சுத்தமாகப் போய்விட்டது. வெனிலா மட்டும் காலரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்குமேல் பொறுக்க முடியாமல் நானே சூப்பர்வைசரிடம் போய், அடுப்பைத் திரும்பக் கொடுங்கள் என்று கேட்டேன். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. குரல் எனக்கே கேட்கவில்லை.

ஒரு டீ போடச் சொன்னார். டீயை மோந்தார், குடித்தார், பிறகு என் காலரை மோந்தார்.

"டீ சரியா இருக்கு. ஹவ், ஆமா, உன் மேல வாசனை இன்னும் இருக்கு. போ, அடுப்பப் பாரு. ஊத்துறப்ப மட்டும் தள்ளி நில்லு."

தள்ளி நின்று கையை நீட்டி ஊற்றினேன். பாதி டீ தம்ளருக்கு வெளியே போனது. அதற்கும் திட்டினார்கள்.