காரைத் தாழ்த்தும் காயில்

செங்கமலத்துக்கு யாரையும் நம்பி வேலை செய்து பழக்கமில்லை. "முதுகுப் புண் ஆறிடுச்சு" என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, அவர்கள் அந்தப் பக்கம் போனதும் நோயாளியைப் புரட்டிப் பார்ப்பாள். "மாத்திரை போட்டாச்சு" என்றால் வாயைத் திறக்கச் சொல்லி நாக்குக்கு அடியில் பார்ப்பாள். பத்தில் எட்டு வீடுகளில் புண் ஆறியிருக்காது, மாத்திரை தலையணைக்கு அடியில் கிடக்கும். யாரும் கெட்டவர்கள் இல்லை. அலுத்துப்போனவர்கள், அவ்வளவுதான்.

கம்மாபுரத்துப் பக்கம் இருந்த நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், அடுத்த வருஷமே புருஷனும் போய்ச் சேர்ந்தபின், படுக்கையில் விழுந்தவர்களைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியை முடித்து இந்த வேலைக்கு வந்தவள். மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு. காலையில் டவுன்ஷிப்புக்குள் பத்தொன்பதாம் பிளாக்கில் ஒரு குவார்ட்டர்ஸுக்குப் போவாள். அங்கே அய்யாசாமி என்ற ரிட்டையர்டு ஆபரேட்டர் பக்கவாதத்தில் கிடந்தார். அவரைக் குளிப்பாட்டி, கை கால் மடக்கி நீட்டி, நாற்காலிக்கு மாற்றி, அவர் மனைவி பேச்சியம்மாளிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு மாலையில் திரும்புவாள்.

ஒரே மகன் சிலம்பரசன். சுரங்கத்து மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள். எரிந்துபோன மோட்டார்களைப் பிரித்துச் சுற்றித் தரும் இடம் அது. சேர்ந்த நாளிலிருந்து பர்மனென்ட், பர்மனென்ட் என்று காத்திருந்து, இந்த வருஷம்தான் லிஸ்டில் பெயர் வந்தது. போலீஸ் வெரிபிகேஷன் மட்டும் பாக்கி. அது முடிகிற வரைக்கும் அவன் மேல் ஒரு சொல் விழக்கூடாது. தெருச் சண்டையில் வேடிக்கை பார்க்கக்கூட அவனை அவள் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒர்க்‌ஷாப்பில் காயில் காணாமல் போனது. சுரங்கத்தில் வேலை பார்க்கிற வீடுகளில் காயில் என்றால் ஒன்றுதான், மோட்டாருக்குள் இருக்கும் செப்புச் சுருள். பழைய இரும்புக் கடையில் அதற்குத் தனி மரியாதை. கேட்டில் சோற்று டப்பாவைக்கூடத் திறந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

ஒரு காலையில் சிலம்பரசன் கொல்லைப்புறம் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். செங்கமலம் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். தண்ணீரை நிறுத்தினாள்.

"வெட்டுன காயில் வேணாம்டா செல்வா. சீப்புதான். மாட்டுனா போச்சு... ஆங், முழு காயிலே வரட்டும். பின்னாடி ரெண்ட மொதல்ல இறக்கிடலாம், முன்னாடி ரெண்டு அப்பறம்... ஞாயித்துக்கெழம வேணாம், எங்கம்மா வூட்டுலயே இருக்கும். அதுக்குத் தெரிஞ்சா நான் தொலைஞ்சேன்."

செல்வகுமார் வடலூர் ரோட்டில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். சிலம்பரசனுடைய பழைய வெள்ளைக் கார், நாலு கை மாறி வந்தது, பாதி நாள் அங்கேதான் நிற்கும். அவன் கடைக்குப் பக்கத்துக் கடை பழைய இரும்புக் கடை.

வெட்டியது, மாட்டினால் போச்சு, பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு. சுரங்கத்துக்கும் பின்னால் ஒரு கேட், முன்னால் ஒரு கேட்.

மகன் உள்ளே வந்ததும் கேட்டாள். "செல்வா கூட என்னாடா பேச்சு?"

"ஒண்ணுமில்லம்மா. வண்டி வேலை."

ஒண்ணுமில்லை என்ற சொல்லை அவள் எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறாள். அதற்கு அடியில் எதுவும் இல்லாமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

இரண்டு நாள் கழித்து, சாக்கில் சுற்றித் தைத்த ஒரு மூட்டை வீட்டுக்கு வந்திருந்தது. கொல்லையில் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் வைத்து, மேலே பழைய தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தான். மாலையில் வேலை முடிந்து வந்த செங்கமலம், அவன் செகண்டு ஷிப்டில் இருந்த நேரம் பார்த்துத் தார்ப்பாயை எடுத்தாள். சாக்கின் மேலேயே கையை வைத்து அமுக்கினாள். விரல் தடிமனில் வட்டம், அதன்மேல் வட்டம். சுருள்தான். கனமாகவும் இருந்தது.

எந்தக் கட்டையும் அவிழ்த்துப் பார்க்காமல் விடாதவள் இதை மட்டும் அவிழ்க்கவில்லை. யாராவது வந்து கேட்டால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது உண்மையாகவே தெரியாமல் இருப்பது நல்லது என்று நினைத்தாள். வெரிபிகேஷன் முடியட்டும், அதற்குப் பிறகு இவன் முதுகுத்தோலை உரிக்கலாம். அவிழ்க்காமல் மூட்டையை இரண்டு கட்டைப்பைகளில் பிரித்துப் போட முடியவில்லை. அப்படியே ஒரு பழைய புடவையில் கட்டி, ஷேர் ஆட்டோவில் ஏற்றிப் பத்தொன்பதாம் பிளாக்குக்குக் கொண்டு போனாள். அய்யாசாமியின் கட்டிலுக்கு அடியில், பெரியவர்களுக்கான டயப்பர் பெட்டிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

"என்னட்டி அது?" என்றாள் பேச்சியம்மாள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து நாற்பது வருஷமாகியும் பேச்சு மாறாதவள்.

"வூட்டு சாமான்க்கா. ரெண்டு நாளு இருக்கட்டும்."

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும் முன்பே வாசலில் ஜீப் நின்றது. கான்ட்ராக்ட் சூப்பர்வைசர் கலியனும் செக்யூரிட்டி அதிகாரி ஒருவரும் இறங்கினார்கள். கலியன் தெரிந்தவன். அவன் அம்மாவின் கடைசிக் காலத்தில் செங்கமலம்தான் பார்த்துக்கொண்டாள்.

"சிலம்பு இருக்கானாக்கா?" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அதிகாரி நேராக விஷயத்துக்கு வந்தார். "கேன்டீன்ல உக்காந்து நாலு காயில் வந்துருச்சுன்னு போன்ல பேசினியாமே? என்ன காயில்?"

சிலம்பரசனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ சார், அது கார் காயில் சார். ஸ்ப்ரிங்கு. வண்டிய இறக்கறதுக்கு, தரையோட கொஞ்சம் ஒட்டினாப்புல. கம்பெனி காயில எடுத்துட்டு இந்தக் குட்டைக் காயில மாட்டுனா வண்டி தாழ்ந்துடும். கோயம்புத்தூர்லருந்து வந்துது. வாங்க, காட்டறேன்."

செங்கமலம் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டவுன்ஷிப்புக்குள் அப்படி வயிறு தேயப் போகிற கார்களை அவள் பார்த்திருக்கிறாள். ஸ்பீடு பிரேக்கர் வந்தால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் ஏறி இறங்கும். வெட்டியது, மாட்டினால், பின்னால் இரண்டு, முன்னால் இரண்டு என்று ஒவ்வொரு சொல்லும் அந்த இடத்திலேயே வேறு பொருளுக்கு மாறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் மகன் கொல்லைக்குப் போய்விட்டான்.

தார்ப்பாயைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான். அவள்தான் அதை நாலாக மடித்து வைத்திருந்தாள். "இங்கதான் சார் வெச்சிருந்தேன். செலவப் பாத்தா அம்மா திட்டும்னு மூடி வெச்சேன்."

"வெச்சிருந்த. இப்ப இல்ல" என்றார் அதிகாரி. "சரி."

அந்தச் "சரி" நல்ல சரியாக இல்லை. சிலம்பரசன் செல்வகுமாருக்குப் போன் போட்டு எல்லோரும் கேட்கும்படி வைத்தான். "மச்சான், நான் எதுக்குடா எடுக்கறேன்? பில்லு வேணா எங்கிட்ட இருக்கு" என்றது போன்.

"பில் யார் வேணா போடலாம், பொருள் எங்க?" என்றார் அதிகாரி. கலியன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிலம்பரசன் இன்னும் தார்ப்பாயை விடவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவன் திருடன் மாதிரி நின்றான். அவனை அப்படி நிறுத்தியது யார் என்று அந்த இடத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"நான்தான் எடுத்தேன்" என்றாள் செங்கமலம்.

"எதுக்குக்கா?" என்றான் கலியன்.

"ஒர்க்‌ஷாப்புல காணாம போன காயில்னு நெனச்சேன். புள்ள மாட்டிக்கப் போவுதுன்னு வேற எடத்துல கொண்டுபோய் வெச்சேன்."

சிலம்பரசன் அவளைத் திரும்பிப் பார்த்தான். "நீயா?" என்றான்.

ஜீப்பிலேயே பத்தொன்பதாம் பிளாக்குக்குப் போனார்கள். விஷயம் தெரிந்ததும் பேச்சியம்மாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். "ஏட்டி, திருட்டுச் சாமான்னு நெனச்சு எங்க வீட்டுக்குள்ளயா வச்ச? இவுஹள நீ பாத்துக்கிடுவ, ஜெயில்ல என்னைய எவ பாப்பா?" கட்டிலில் கிடந்த அய்யாசாமிக்கு வாய் ஒரு பக்கம்தான் அசையும். அந்தப் பக்கத்தால் சிரித்தார்.

அதிகாரி தையலை அறுத்தார். சிவப்புப் பெயிண்ட் அடித்த நாலு ஸ்ப்ரிங்குகள். செப்பு ஒரு துளி இல்லை. கலியன் பெருமூச்சு விட்டான். அதிகாரியோ ஒன்றைக் கையில் எடுத்து, முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பழச வெட்டிக் குட்டையாக்கினது இல்ல, நல்ல பீஸ்தான். ஷாக் அப்சார்பர் மாத்தறியா?"

"பழசே போதும்னு..."

"போதாது. காயில் குட்டை, ஷாக் நெட்டைன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் அடிமுட்டி உக்காரும். என் மச்சினன் வண்டியில ஷாக்கு ஆறே மாசத்துல எண்ணெய் ஒழுகிருச்சு. இதுக்கேத்த ஷாக்கோட மாட்டு, இல்லன்னா வண்டிய அப்படியே விடு. ஆர்.டி.ஓ. பிடிச்சா அது உன் பாடு." பிறகு செங்கமலத்திடம் திரும்பினார். "அம்மா, திருட்டுச் சாமான்னு தெரிஞ்சு ஒளிச்சு வெச்சா அதுவும் கேஸ்தான்."

"தெரிஞ்சு வெக்கலீங்க. நெனச்சு வெச்சேன்."

அவர் போய்விட்டார். ஒர்க்‌ஷாப்பில் காணாமல் போன காயில் என்ன ஆனதென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சிலம்பரசன் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தினான். சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான், ஷிப்டுக்குப் போனான். அவள் சமாதானம் செய்யப் போகவில்லை. வெரிபிகேஷன் ரிப்போர்ட்டில் அந்த ஜீப் வந்தது ஒரு வரியாக ஏறுமோ என்பதுதான் அவளுக்குக் கவலையாக இருந்தது. கலியனிடம் கேட்டாள். "எழுத மாட்டாங்கக்கா" என்றான். எழுத மாட்டாங்க என்று சொல்கிறவன் எழுதுகிற இடத்தில் இல்லை என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வகுமார் வீட்டுக்கே வந்தான். இருவரும் வாசலில் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரிப் பேசினார்கள்.

"செல்வா, ஸ்ப்ரிங்குனு சொல்றா. காயில்னு சொன்னியனா எங்கம்மா கொண்டுபோய் ஒளிச்சு வெச்சிடும்."

செங்கமலம் உள்ளே பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

செல்வகுமாருக்கு இப்போது வேறு ஆசை. ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த செட் ஒன்று இருக்கிறதாம். அதைத் திருகினால் வண்டி ஏறும், திருப்பித் திருகினால் இறங்கும். ஊருக்குள் தாழ்த்தி வைத்துக்கொள்ளலாம், பாண்டிச்சேரி போனால் ஏற்றிக்கொள்ளலாம். காசு கூடத்தான், ஆனால் கெத்து.

"அந்தத் திருகற மரை வெளியவா இருக்கும்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் செங்கமலம்.

"ஆமா அத்தை."

"இந்தக் கரிச் சாம்பலுலயும் மண்ணுலயும் இறுகிப் போவாதா?"

செல்வகுமார் காதைச் சொறிந்தான். "போவும். அப்பப்ப கழட்டித் தொடச்சு கிரீஸ் வெக்கணும்."

"இவன் வெப்பானா?"

வெள்ளைக் காரின் மேல் அந்த நேரம் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி இருந்தது. செல்வகுமார் வாய்விட்டுச் சிரித்தான். "மச்சான், அத்தை சொல்றது கரெக்டுடா."

"வண்டி எவ்ளோ எறங்கும்னு எப்ப அளந்தீங்க? ஆளு இல்லாதப்பவா, ஏறினப்பறமா?" என்று அடுத்ததையும் கேட்டாள். நாற்காலியின் உயரத்தை அவள் என்றைக்கும் நோயாளி உட்கார்ந்த பிறகுதான் பார்ப்பாள். வெறும் மெத்தை ஒரு உயரம் காட்டும், ஆள் உட்கார்ந்தால் வேறு உயரம்.

சிலம்பரசன் டேப்பை எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்றான். அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான்: "பின்னாடி ஏறி உக்காரு. வெயிட்டு வேணும்."

போய் உட்கார்ந்தாள். செல்வகுமார் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். மகன் மண்டியிட்டுச் சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியை அளந்தான், பிறகு வண்டியின் வயிற்றுக்கும் தரைக்கும் நடுவே அளந்தான். பழைய ஸ்ப்ரிங்கிலேயே இவ்வளவு அமுங்குகிறதே என்று முணுமுணுத்தான். கடைசியில் வந்திருந்த சிவப்பு ஸ்ப்ரிங்கையே மாட்டுவது, அதற்கேற்ற குட்டை ஷாக்கை வாங்கி வந்த பிறகே மாட்டுவது, அதுவரை வண்டி இருக்கிறபடி இருக்கட்டும் என்று முடிவானது. திருகுகிற செட் வேண்டாம். காரணம் கேட்ட செல்வகுமாரிடம், "கிரீஸ் வெக்க எனக்கு நேரமில்ல" என்றான்.

ஷாக் வந்து மாட்டியபின் வண்டி தாழ்ந்துதான் போனது. பார்க்க நன்றாக இருந்தது என்று தெருவில் சொன்னார்கள். டவுன்ஷிப் ஆர்ச் கேட்டுப் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் உரசுகிறது. அந்தச் சத்தம் வரும்போதெல்லாம் செங்கமலம் அடியில் ஏதாவது ஒழுகுகிறதா என்று இறங்கிப் பார்க்கச் சொல்வாள். அவனும் முனகிக்கொண்டே பார்ப்பான்.

தை மாசம் பர்மனென்ட் ஆர்டர் வந்தது. அதைச் செங்கமலம் மகனிடமிருந்து தெரிந்துகொள்ளவில்லை. பால் வாங்கப் போன இடத்தில் பக்கத்து வீட்டு ருக்குமணி கையைப் பிடித்துக்கொண்டு, "ஸ்வீட் எங்க?" என்று கேட்டாள். ஒர்க்‌ஷாப்புக்கே தெரிந்து மூன்று நாளாகியிருந்தது.

வீட்டுக்கு வந்து, சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தவன் முன்னால் நின்றாள். "எங்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ நம்பணுமே" என்றான். "பேப்பரு கையில வரட்டும்னு இருந்தேன். நேத்துதான் குடுத்தாங்க."

பீரோவிலிருந்து எடுத்து நீட்டினான். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சன்னல் வெளிச்சத்துக்குப் போய், பெயரைப் பார்த்தாள், இனிஷியலைப் பார்த்தாள், பிறந்த தேதியைப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். சீலின் மேல் கட்டை விரலை வைத்துத் தேய்த்தாள். மை கலையவில்லை.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் பேப்பரை வாங்கி மடித்தான். "என்னைத்தான் கேட்டிருக்கலாம், அன்னிக்கு" என்றான்.

"கேட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்ன."

அவன் சாவியை எடுத்துக்கொண்டு, "நேரமாவுது, வா, பத்தொம்பதுல எறக்கி உட்டுட்டுப் போறேன்" என்றான்.