பிளாஸ்டிக்கை வைத்துக்கொண்டு எண்ணை அனுப்பியவள்

இங்கிலாந்தில், ஹாலிஃபாக்ஸ் ஊரின் செங்குத்தான தெருவில், கைபிரேக் போடாமல் விட்ட பீர் லாரி ஒன்று உருண்டுவந்து பெவர்லியின் சிவப்புக் காரின் மேல் ஏறி உட்கார்ந்தது. நல்லவேளை, காருக்குள் ஆளில்லை. இனி அது தேறாது என்று காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்தது.

பெவர்லி ஸ்க்ரூடிரைவரோடு போய் முன்னும் பின்னும் இருந்த எண் பலகைகளைக் கழற்றினாள். அவற்றைச் சோப்புப் போட்டுக் கழுவிச் சமையலறை அலமாரியில் நிறுத்திய பிறகுதான் காரை இழுத்துப் போக விட்டாள்.

அந்த எண்ணின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் அவள் பெயர் வரும்; அந்த நாட்டில் அப்படிப்பட்ட எண்ணைத் தனியாக விலை கொடுத்து வாங்கி, காருக்குக் கார் மாற்றிக்கொள்ளலாம். மணவாழ்வில் வீடும் வங்கிக் கணக்கும் கணவன் ராய் பெயரில். பள்ளிச் சமையற்கூடத்தில் வெந்து அவள் சம்பாதித்ததும் அந்தக் கணக்கில்தான் போய் விழுந்தது. விவாகரத்தானதும் அவள் முதலில் வாங்கியது இந்த எண்ணைத்தான். ஊர் சிரித்தது. ஆண் வாங்கினால் அந்தஸ்து, பெண் வாங்கினால் கிறுக்கு.

பக்கத்து வீட்டு டெஸ்மண்ட், பழைய லாரி மெக்கானிக், டீ குடிக்க வந்தவர் பலகைகளைப் பார்த்தார்.

"என்ன கண்ணு, பிளாஸ்டிக்கை வெச்சுக்கிட்டு எண்ணை அனுப்பிட்டியா?"

"இதோ இருக்கே. கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் படி."

"இது கடையில அடிச்சுத் தர்ற பலகை. எண்ணு காரோட பதிவுல இல்ல இருக்கு. பதிவு ஆபீசுக்கு எழுதி முதல்லயே பிரிச்சு வாங்கியிருக்கணும். கம்பெனி சொன்ன தொகைக்குத் தலையாட்டிட்டா காரும் அவனுது, எண்ணும் அவனுது."

பெவர்லி டீயைத் தொடாமல் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"ஒவ்வொரு தடவை தொகை சொன்னப்பவும் 'பகல் கொள்ளை'ன்னு எழுதி அனுப்பினீங்களே, அந்த மேடமா?" என்றது ஒரு சலித்த பெண்குரல்.

"கொள்ளைதானே அது. என் காரு என்ன ஆச்சு?"

"நீங்க ஒத்துக்காம நாங்க எப்படி மேடம் எடுத்துக்க முடியும்? காயலான்கடை முற்றத்துல கிடக்கு. இன்னும் உங்க பேர்லதான்."

பெவர்லி போனை வைத்துவிட்டுக் கேட்டதைச் சொன்னாள்.

"உன் வாய்தான் காப்பாத்தியிருக்கு," என்றார் டெஸ்மண்ட்.

"இந்த வாயாலதான் குடும்பமே உடைஞ்சதுன்னு ராய் கோர்ட்டுல சொன்னான்."

அன்றே பதிவு ஆபீசுக்கு விண்ணப்பித்தாள். எண் காரை விட்டுப் பிரிந்து, ஒரு தாளில் அவள் பெயரில் வந்து சேர்ந்தது. பலகை ஒன்றைக் காய்கறி வாங்க இழுத்துப்போகும் சக்கரப் பையின் பின்னால் திருகிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

நிறுத்தத்தில் நின்றபடி கம்பெனியை மறுபடி அழைத்தாள்.

"எண்ணு வந்துடுச்சும்மா. இப்ப எனக்கு அவசரமே இல்ல. அந்தத் தொகையைப் பத்தி நிதானமாப் பேசலாமா?"

எதிர்முனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.