கண்ணாடிப் பெட்டிக் குஞ்சும் என் மகளும்

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பினாயில் வாடை அடித்தது. அதுவரை எனக்குப் பிடித்த வாடை அது. அன்றுதான் பிடிக்காமல் போனது. மடியில் என் மகள் ரோசலி. பத்து மாதம் ஆகியும் தலையணை எடைகூட இல்லை.

துறைமுகத்தில் கப்பல்களுக்குக் கந்தகப் புகை போடுவது என் வேலை. எலியும் தெள்ளுப்பூச்சியும் செத்தால்தான் பிளேக் ஊருக்குள் வராது. மூத்த பையனை வாந்திபேதியில் (காலராவில்) பறிகொடுத்த பிறகு அந்த வேலையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். ரோசலி இருக்கும் இடத்தில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாதென்று சபதம். பாத்திரம், துணி, கரண்டி எல்லாம் கொதித்தன. அவள் கொசுவலைக்குள்ளேயே கிடந்தாள். தாய்ப்பாலிலும் கிருமி உண்டென்று யாரோ சொன்னதைக் கேட்டு, மூன்றாம் மாதமே அதை நிறுத்தி, டப்பாப் பாலை இரண்டு தடவை காய்ச்சிக் கொடுக்கவைத்தேன். என் மனைவி செபஸ்தியம்மாள் அழுதாள். நான் கேட்கவில்லை. புத்தி கெட்டவன், வேறென்ன சொல்ல?

ஆறாம் மாதம் கழிச்சல் தொடங்கியது. நிற்கும், மறுபடி வரும். வலைக்குப் பின்னால் அவள் முகம் நாளுக்கு நாள் தூரம் போனது. விழித்திருந்தேனா, கனவு கண்டேனா என்று இப்போதும் தெரியாது. கடலிலிருந்து வெள்ளைப் புகை எழுந்து வந்து நாங்கள் குடியிருக்கும் கல்மண்டபத்துத் தெருவை மூடும். புகை விலகினால் எல்லாம் சுத்தமாக இருக்கும். மனிதர் யாரும் இருக்கமாட்டார்கள்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கதை சொன்னார். சீமையில் முட்டையைக் கிருமி போகக் கழுவி, கண்ணாடிப் பெட்டிக்குள் பொரிக்க வைத்தார்களாம். காற்றும் தீனியும்கூடக் கிருமி நீக்கியவை. குஞ்சுகள் தின்றுகொண்டே மெலிந்தன. கோழி எச்சத்தைத் தீனியில் கலந்ததும் சில தேறின. வேறொருவர் அப்படி வளர்த்த குஞ்சுகளோ நன்றாகவே இருந்தனவாம்.

"அந்த வழக்கு இன்னும் தீரல. குடல்ல இருக்கற கிருமி எல்லாமே பகை இல்லன்னு மட்டும் தெரியுது. அதுக்காக அழுக்கைத் தின்னக் குடுத்துடாதேய்யா! தண்ணியைக் காய்ச்சறது சரிதான். ஆனா இவ கண்ணாடிப் பெட்டியிலயா பிழைக்கப்போறா? கல்மண்டபத்துல பிழைக்கணும். தாய்ப்பால் குடுக்க ஆள் இருக்கா?"

செபஸ்தியம்மாளுக்குப் பால் வற்றிப்போயிருந்தது. எதிர்வீட்டு பிலோமினா கைக்குழந்தைக்காரி. மீன் விற்பவள். மீன் கையோடு கொசுவலையைத் தூக்கினாள் என்று நான்தான் அவளை வாசலோடு விரட்டியிருந்தேன்.

ரோசலியைத் தூக்கிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன்.

"இன்னா நைனா, என் கை கலீஜுன்னு சொன்னியே. இப்ப இன்னாத்துக்கு வந்துகீறே?"

"கொயந்த பூடும் போல கீது, பிலோமினா."

"ஐய்யோ! குடு இங்க. வாயடிக்கிற நேரமா இது?"

கையைக் கழுவிக்கொண்டு வந்து வாங்கினாள். மீன் வாடை போகவில்லை. ரோசலி முகத்தைத் திருப்பினாள். பிறகு பற்றிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக் கேவிக் கேவி அழுதேன். "நீ அயுதா புள்ள குடிக்காது. வெளிய போ நைனா" என்றாள்.

உடனே தேறிவிடவில்லை. பயந்த நாட்கள் நடுநடுவே உண்டு. பால், பிறகு டாக்டர் சொன்னபடி ஒரு கரண்டி மோர், பிறகு குழைந்த சோறு. எதனால் பிழைத்தாள் என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை. இதைப் படிக்கும் பெற்றோரே, உங்கள் பிள்ளைக்கு எது ஏற்றதென்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள். என்னைப்போல் காதில் விழுந்ததை நம்பாதீர்கள்.

முன்பெல்லாம் என் பொழுது அடுப்பில் தண்ணீர் எப்போது கொதிக்கும் என்பதிலேயே போனது. இப்போது ரோசலி எழுந்தால் விடிகிறது. என் வயிற்றுக்குள்ளும் ஒரு கிருமிக் கூட்டம் குடியிருக்கிறது என்று நினைத்தால் அன்று குமட்டும். இன்று அந்த நினைப்போடு நன்றாகத் தூங்குகிறேன்.

நேற்று அவள் தரையில் தவழ்ந்து வந்து, தன் வாயில் ஊறிய ரொட்டித் துண்டை என் வாயில் திணித்தாள். எச்சில், மண், கொஞ்சம் மீன் வாடை. செபஸ்தியம்மாள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

மென்று விழுங்கினேன்.