ஒரே கோடு டவர்

எங்கள் வீட்டில் யாரும் சிக்னல் என்று சொல்வதில்லை. டவர்தான். போனின் மூலையில் நாலு கோடும் நிமிர்ந்து நின்றால் டவர் நல்லா கீது. ஒன்று மட்டும் நின்றால் டவர் இல்லை.

திருச்சியில் விடுதியில் தங்கி நான் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கத் தொடங்கிய வருடம் அது. எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் பள்ளிக்கூடமே போனதில்லை. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு, மறைக்க மாட்டேன். அம்மா தினமும் மாலை பால் கறக்கும் நேரத்தில் என்னோடு பேசுவாள். சென்னையை ஒட்டிய பாரிவாக்கத்தில் எங்களைச் சுற்றி எழும்பிவிட்ட அடுக்குமாடி வீடுகளுக்குத்தான் எங்கள் இரண்டு மாடுகளின் பாலும் போகிறது. கறக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் போனைக் காதோரம் வைத்து, துண்டால் தலையோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொள்வாள். பல்வலிக்காரி மாதிரி இருக்கும். தலையைச் சாய்த்து மாட்டின் வயிற்றில் முட்டுக் கொடுத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசுவாள். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் எனக்குக் கேட்கும்.

பொங்கல் முடிந்து நான் திரும்பிய பிறகு அந்தப் பேச்சு இரண்டு நிமிடமாகக் குறைந்துவிட்டது. டவர் இல்லை, வைக்கிறேன் என்பாள். குரலும் விட்டுவிட்டு வரும். அப்பாவிடம் கேட்டால், வீட்டில் டவருக்கு ஒரு குறையும் இல்லை என்றார். என்னோடு பேச அம்மாவுக்கு அலுத்துவிட்டதோ என்று நினைத்து, இரண்டு நாள் நானும் வீம்பாகக் கூப்பிடாமல் இருந்தேன். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு வெள்ளிக்கிழமை சொல்லாமல் பஸ் ஏறினேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே என் பையில் போன் அடித்தது. அம்மா. எடுக்காமல் தேடிப் போனேன். மோட்டார் ரூமுக்குப் பின்னால், சுவருக்கும் வேலிக்கும் நடுவே நின்றுகொண்டு, போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எல்லாம் வெளியே வந்தது. வாரக்கணக்காகத் தலைவலி, போன் வைக்கிற பக்கம் மட்டும். போனிலிருந்து கதிர் வருகிறது, தலையில் கட்டி வரும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருக்கிறாள். "கதிரு வந்தா அறுத்துக்கலாமேன்னு மொதல்ல சிரிச்சேன். அப்பால வலி உடவேயில்ல" என்றாள் அம்மா. டவர் குறைந்தால் கதிரும் குறையும் என்று அவளே கணக்குப் போட்டு, ஒரே கோடு காட்டுகிற இடத்தை வீடெல்லாம் தேடிக் கண்டுபிடித்திருக்கிறாள்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா படிப்ப உட்டுட்டு ஓடியாந்துடுவ. பரிச்ச முடியட்டும்னு கீறேன்."

மறுநாள் காலை பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனேன். கண்ணில் டார்ச் அடித்தார், நடக்கச் சொன்னார், கைகால்களைத் தட்டிப் பார்த்தார். வலி வருவதற்கு முன்பெல்லாம் போனை எப்படி வைத்துப் பேசுவீர்கள் என்று கேட்டார். அம்மா முந்தானையால் போனைக் கட்டி, ஸ்டூலில் குந்தி, அங்கே இல்லாத மாட்டில் தலையைச் சாய்த்துக் காட்டினாள். டாக்டரம்மா பின்னால் போய்க் கழுத்தில் ஒரு இடத்தை அழுத்தினார். அம்மா துள்ளிவிட்டாள்.

வலி கழுத்துத் தசையிலிருந்து வருகிறது, கட்டுவதை நிறுத்தினாலும் விட நாளாகும் என்றார். போனால் மூளையில் கட்டி வரும் என்பதற்கு இதுவரை உறுதியான ஆதாரம் இல்லை, இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். பயமாக இருந்தால் ஸ்பீக்கரில் பேசலாம். ஆனால் இந்தக் கட்டு மட்டும் கூடவே கூடாது என்றார். இரண்டு வாரத்தில் வலி குறையாவிட்டால் வரச் சொன்னார்.

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் அம்மாவிடம் கேட்டேன், தூரத்துக் கழனியில் நிற்கிற அப்பாவை எப்படிக் கூப்பிடுவாய் என்று. தொண்டை கிழியக் கத்துவேன் என்றாள். போனும் அப்படித்தான், டவர் சரியாகக் கிடைக்காத இடத்தில் அது கூடுதலாகக் கத்த வேண்டியிருக்கும் என்றேன்.

"அப்போ நான் தேடிப் புடிச்சது மோசமான எடமா?"

எதிரே இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. "இதெல்லாம் உனுக்கு எப்டி தெரியும்?"

"இதத்தானம்மா நான் படிக்கறேன்."

"இத சொல்லக் கூடாதா? தின்னதயும் தூங்குனதயுமே சொல்லிக்கினு இருந்த."

அவளுக்குப் புரியாது என்று நானே முடிவு செய்திருந்தேன். பாடத்தைப் பற்றி அத்தனை மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் அவள் பக்கத்து வீட்டில் கேட்டுப் பயந்திருக்கிறாள்.

அம்மா அதற்குள் பக்கத்தில் காய்கறிப் பையோடு இருந்த பெண்ணிடம் திரும்பியிருந்தாள். "எம் பொண்ணு. போனுக்குள்ள இன்னா நடக்குதுன்னு படிக்குது."

அந்தப் பெண் உடனே பையைத் துழாவித் தன் போனை என்னிடம் நீட்டினாள். "நாலு நாளா இதுல சவுண்டே வரல. கொஞ்சம் பாத்து சொல்லும்மா."

எனக்கு அதில் ஒன்றும் தெரியாது. அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டேன்.